வீட்டுக் கிழங்கு

கடைக்காரர் தட்டிப் பார்த்துக் கொடுக்கும் தேங்காயை நான் இன்னொரு முறை தட்டிப் பார்த்த பிறகுதான் பைக்குள் போடுவேன். சாப்பிட்டாச்சு என்று என் வீட்டுக்காரர் போனில் சொன்னால், என்ன குழம்பு என்று கேட்பேன். பதில் வரத் தாமதமானால் அவர் சாப்பிடவில்லை என்று முடிவு கட்டிவிடுவேன். பாதி நாள் அது சரியாகவும் இருக்கும். அதனால் இதைக் கெட்ட குணம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொண்டதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பிழைப்பது என்றுதான் இதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

என் மகளுக்கு நாலு வயது நடந்தபோது அந்தக் கண் இரண்டையும் அவள் வாயின் மேல் வைத்திருந்தேன். அவளைப்போல் சோற்றுக்கு அழவைத்த பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. இட்லியில் ஓட்டை இருக்கிறது என்பாள். சாமைச் சோறு குத்துகிறது என்பாள். முட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கோழி தேடும் என்று திருப்பிக் கொடுப்பாள். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவு உருண்டை பக்கத்துப் பிள்ளையின் பைக்குள் இருக்கும். அடித்து மிரட்டி நாலு வாய் ஊட்டினால், மூன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய்த் துப்புவாள். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "வாயத் தொற" என்பேன். தாடையைப் பிடித்துத் திருப்பி, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நாக்குக்கு அடியில் என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

இப்படிப்பட்டவள் ஆசையாகத் தின்றது ஒன்றே ஒன்று, குச்சிக்கிழங்கு. மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வேகவைத்து, நடுவில் ஓடும் நரம்பை உருவிப் போட்டுவிட்டு, உப்பு மட்டும் தூவிக் கொடுத்தால் போதும். அடுப்பில் கிழங்கு வேகும்போதே வந்து நிற்பாள். அவள் கேட்டுத் தின்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு நிறைந்துவிடும். அந்த ஒரு கிழங்கை நம்பித்தான் அவளை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையில் கிழங்கு போடுகிறவர்கள் எல்லோரும் இரண்டு ரகம் போடுவோம். பெரும்பங்கு மில்லுக்கு. அது பருத்து விளையும், எடை நிற்கும், ஆனால் கசப்பு. ஜவ்வரிசி மில்லில் அரைத்து, கழுவி, மாவாக எடுப்பதால் அவர்களுக்குக் கசப்பைப் பற்றிக் கவலை கிடையாது. வீட்டில் தின்பதற்கு வேறு ரகம் இருக்கிறது. அதைக் காட்டின் ஒரு ஓரமாக, தனியாக ஊன்றி வைத்துக்கொள்வோம். படிப்படியாக இறங்கும் எங்கள் காட்டில் மேல் அடுக்கு வீட்டுக் கிழங்கு, கீழ் அடுக்குகள் எல்லாம் மில்லுக் கிழங்கு. வீட்டு ரகத்தின் இலைக்காம்பு சிவப்பாக இருக்கும், மில்லு ரகத்துக்கு வெளுப்பு. ஆனாலும் வீட்டுக்குக் கிழங்கு பிடுங்குகிறவர்கள் அதன் வாலை ஒடித்து, பச்சையாக ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டுத்தான் கூடையில் போடுவார்கள். மற்றவர்கள் கொடுத்தனுப்பும் கிழங்கை நானும் அப்படித்தான் கடித்துப் பார்ப்பேன். அவர்கள் எதிரிலேயே கடிப்பேன். எங்கள் மேல் அடுக்குக் கிழங்கை மட்டும் கடித்ததில்லை. அது நம் சொந்தக் காடு அல்லவா.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து கிழங்கு பிடுங்க ஆரம்பித்தோம். முதல் இரண்டு தரம் அள்ளி அள்ளித் தின்றவள், மூன்றாவது தரம் தட்டைத் தள்ளினாள். கசக்கிறது என்றாள். நான் சட்டை செய்யவில்லை. அவள் முருங்கைக்கீரையைக் கசக்கிறது என்பாள், பாலைக் கசக்கிறது என்பாள், தலை சீவிவிட்டால்கூட அதே சொல்தான். அடுத்த முறை தின்றாள். அதற்கடுத்த முறை தொடவில்லை. ஒருநாள் தின்பதும் ஒருநாள் தள்ளுவதுமாக மாசி பிறந்தது.

பால்வாடியில் எடை போட்டார்கள். அட்டையில் பச்சைக்குக் கீழே மஞ்சளில் புள்ளி வைத்துவிட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன மாசத்துக்கு ஒன்றும் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கிக்கூட இருக்கிறது, அடுத்த மாசமும் இப்படியே இருந்தால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதித் தர வேண்டும் என்றார். அவர் நல்ல விதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கூனிக் குறுகிப் போயிற்று. பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாதவள் என்று மலை முழுக்கச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, உயிராகத் தின்றுகொண்டிருந்ததை ஒரு பிள்ளை திடீரென்று ஏன் வேண்டாம் என்கிறது என்று யோசித்தேன். வயிறு வேறு எங்கோ நிறைகிறது. யார் நிறைக்கிறார்கள்?

நீண்ட நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, ஒரே வாசலில் எதிர்ப்பக்கம் குடியிருக்கிறாள். வாசலூர்பட்டி போட் ஹவுஸுக்கு வெளியே அவளுக்கு ஒரு தள்ளுவண்டி உண்டு. சனி, ஞாயிறு சுற்றுலாக்காரர்கள் வரும்போது அன்னாசித் துண்டு, மக்காச்சோளம், சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் விற்பாள். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை. என் மகள் பெரிம்மா, பெரிம்மா என்று அந்த வீட்டில்தான் பாதி நேரம் கிடப்பாள்.

இப்போது எல்லாம் புரிந்ததுபோல் இருந்தது. இரண்டு வாரமாகச் சனியும் ஞாயிறும்தான் கிழங்கைத் தள்ளியிருந்தாள். அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக ஆனேன். மகள் எதிர் வீட்டிலிருந்து வந்தால் முதலில் விரலை மோந்து பார்ப்பேன், மசாலா வாசனை வருகிறதா என்று. கவுன் பையைத் திருப்பி உதறுவேன். பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். பெரிம்மா குடுத்தது மஞ்சப் பாக்கெட்டா, செவப்புப் பாக்கெட்டா என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டேன். ரெண்டும் மேல தொங்குது என்றாள். பிள்ளை கெட்டிக்காரி என்று பெருமைப்படுவதா, பெரிம்மா நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறாள் என்று ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை. ஆத்திரப்பட்டேன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை கிழங்கைத் தள்ளினாள். அன்று ஓரகத்தி ஊரிலேயே இல்லை, தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். முந்தின நாள் கொடுத்த பாக்கெட்டைப் பிள்ளை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறது என்று நான் கட்டிலுக்கடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், துணிமூட்டைக்குள் தேடினேன். பாக்கெட் கிடைக்கவில்லை. கோழிக்கூண்டுக்குப் பின்னால் அவள் துப்பிய கிழங்குதான் கிடந்தது. எங்கள் நாய் அதை மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போயிற்று. போட் ஹவுஸ் பக்கம் போய் பிஸ்கெட் தின்று பழகிய நாய்க்கு வீட்டுக் கிழங்கு எப்படி இறங்கும் என்று அதையும் திட்டினேன். கண்ணெதிரில் நாய் சாட்சி சொல்லிவிட்டுப் போனது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பூண்டு மிளகாய்ச் சட்னியைக் கிழங்கில் கெட்டியாக அப்பித் தின்றுகொண்டே, அண்ணி அப்படிச் செய்யற ஆளில்ல என்றார். உடனே அவர் மேலும் சந்தேகம் வந்தது. சந்தைக்குப் போகும்போது பிள்ளைக்கு இவர் பன் வாங்கிக் கொடுக்கிறாரோ? சட்டைப் பையைப் பார்த்தேன். பீடிக்கட்டுதான் இருந்தது, விட்டுவிட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருந்த பீடி. அதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது.

கடைசியில் மகளை எதிர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தினேன். ஓரகத்தியிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. அவள் வாசலில் இருக்கும்போது, கண்டதையும் குடுத்து எம் பிள்ள வயித்தக் கெடுக்கறாங்க என்று கோழியிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள்போல் எங்கள் வாசற்படி வரை வந்தாள். பிறகு திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பார், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன்.

ஐந்து நாள் மகள் எங்கும் போகவில்லை. என் கண்ணெதிரிலேயே இருந்தாள். இனிமேல் பசி வராமல் எங்கே போகும் என்று, ஆறாம் நாள் காலையில் மேல் அடுக்கிலிருந்து கிழங்கு பிடுங்கி வந்தேன். குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். குக்கர் வந்ததிலிருந்து பானையில் வேகவைத்து முதல் தண்ணீரை வடித்துக் கொட்டும் வேலை எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. இருப்பதிலேயே பருத்த துண்டாக, வெள்ளை வெளேரென்று பூத்த துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தேன். மெலிந்ததை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஒரு வாய் வைத்ததும் துப்பினாள். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? சிப்ஸ் ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை பார் என்று மடியில் இழுத்துப் போட்டு, ஒரு கையால் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஊட்டினேன். அழுதாள். அழ வாய் திறக்கும்போது வைத்தேன். "வாயத் தொற. நாக்கத் தூக்கு." முழு துண்டும் உள்ளே போகும்வரை விடவில்லை. கடைசி வாய்க்கு அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு விழுங்கினாள். ஜெயித்துவிட்டேன் என்று கை கழுவப் போனேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். விளையாடிக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை சுற்றுகிறது என்றாள். பிறகு வாந்தி. நிற்காத வாந்தி. கண் செருகிக்கொண்டு போயிற்று. நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஓரகத்திதான் ஓடி வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள், ரோட்டுக்குப் போய் ஒரு ஜீப்பை மறித்தாள். நான் பின்னால் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஜீப்பில் பிள்ளை அவள் மடியில் இருந்தது. அவள் புடவையெல்லாம் வாந்தி. அந்த நேரத்திலும் நான், மசாலா ஒட்டியிருக்கிறதா என்று அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, என்ன சாப்பிட்டது என்று கேட்டாள். நான் கொஞ்சமும் தயங்காமல், "வெளியில கண்டதும் வாங்கிக் குடுக்கறாங்க, இவங்களக் கேளுங்க" என்று ஓரகத்தியைக் கை காட்டினேன். ஓரகத்தி பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மகளிடம் குனிந்து, இன்றைக்கு அம்மா என்ன கொடுத்தாள், எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"கெழங்கு. கசந்துது" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்து, "நாஞ் சொன்னேன்ல" என்றாள்.

எந்த ரகம், எதில் வேகவைத்தீர்கள், தண்ணீரை வடித்தீர்களா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. கசக்கிற கிழங்கில் விஷம் உண்டு, பெரியவர்களுக்கு ஒரு தலைவலியோடு போவது பிள்ளையைப் படுக்கவைத்துவிடும், சீக்கிரம் தூக்கி வந்ததால் பிழைத்தது என்றாள். மரவள்ளித் தழையைத் தின்று ஆடு செத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கசப்பில் விஷம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் காட்டில், என் மேல் அடுக்கில் எப்படி வரும்? சாயங்காலம் மகள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்வரை அவள் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. அவள் தண்ணீரைக் குடித்ததும், என் சந்தேகமும் மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். மேல் அடுக்கில் செடி செடியாகக் காம்பைப் பார்த்துக்கொண்டு போனோம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, வெளுப்பு. மறுபடி சிவப்பு, மறுபடி வெளுப்பு. நடுநடுவே பதினோரு செடி வெளுப்பு. காம்பைப் பார்த்து ரகம் சொல்லத் தெரிந்தவளுக்கு, பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஒன்றைப் பிடுங்கி வாலைக் கடித்தேன். நாக்கு விறைத்தது. துப்பிவிட்டு அவரிடம் திரும்பினேன்.

"ஏனுங்க, மில்லுக் குச்சிய யாருங்க இங்க கொண்டாந்து நட்டது?" என்று கத்தினேன். பக்கத்துக் காட்டுக்காரனா, கூலிக்கு வந்தவர்களா, இல்லை இவரேதானா என்று மூன்று பேரையும் அதற்குள் மனதில் நிற்கவைத்துவிட்டேன்.

அவர் கையில் இருந்த செடியைக் கீழே போட்டார். "நீதான புள்ள நட்ட. வைகாசி மழைக்கு, மொளைக்காத குழியெல்லாம் சும்மா கெடக்குதுன்னு, மிச்சங் கெடந்த மில்லுக் குச்சிக் கட்டத் தூக்கிட்டு வந்து நீதான சொருகுன" என்றார். அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

நினைவு வந்துவிட்டது. தூறலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நான் நடந்த வரப்பு நினைவு வந்தது. வெறுங்குழியைப் பார்த்தால் எனக்கு ஆகாது. வீட்டு ரகக் குச்சி கிடைத்ததும் இதைப் பிடுங்கிவிட்டு அதை ஊன்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவு வந்தது. அன்று மழையில் நனைய வேண்டாம் என்று பிள்ளையை ஓரகத்தி வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக ஊரில் ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்த்தவள், என் கையை மோந்து பார்க்கவில்லை.

பதினோரு செடியையும் பிடுங்கி எறிந்துவிட்டு நேராக ஓரகத்தியிடம் போனேன். வாசலில் அன்னாசி சீவிக்கொண்டிருந்தாள். தப்பு என் மேல்தான் அக்கா என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கெழங்கு கசக்குது பெரிம்மான்னு உம் பிள்ள எங்கிட்ட எப்பவோ சொல்லுச்சு கண்ணு. அன்னைக்கு உங்கூட்டுப் படி வரைக்கும் வந்தது அதச் சொல்லத்தான். நாஞ் சொன்னா என்ன கேட்டிருப்ப? எஞ் சமையலக் கொறை சொல்ல நீதான் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தியான்னு கேட்டிருப்பியா, மாட்டியா?"

கேட்டிருப்பேன் என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. சிப்ஸ் கொடுத்தியா அக்கா என்று கேட்டுவிட்டேன். ரெண்டு தடவை என்றாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த எடை போடும் நாளில் புள்ளி மஞ்சளுக்குள்ளேயே இருந்தாலும் மேலே நகர்ந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. சோறு அவளுக்கு எதிர் வீட்டில்தான் இறங்கியது, நானே தட்டைக் கொண்டுபோய் ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கிழங்கை மட்டும் அவள் பங்குனி முழுக்கத் தொடவில்லை.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம், வாலைக் கடித்துப் பார்த்துப் பிடுங்கி வந்த சிவப்புக் காம்புக் கிழங்கை, பானையில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, வாசனை வர இறக்கினேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அடுப்படிக்கு வந்து நின்றாள். நல்ல துண்டாக ஒன்று எடுத்து, நரம்பை உருவி, உப்புத் தூவி அவள் தட்டில் வைத்தேன். அவள் தட்டைத் தொடவில்லை.

"நீ மொதல்ல தின்னு" என்றாள்.

வேறொரு துண்டை எடுத்துக் கடித்தேன். மென்றேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன்.

"வாயத் தொற."

திறந்தேன். சின்ன விரல்களால் என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். தேங்காய்க் கடையில் என் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அழுகை வந்தது, வாய் திறந்திருந்ததால் அழவும் முடியவில்லை. நன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, தட்டில் வைத்த முழுத் துண்டை என் பக்கம் தள்ளினாள். என் கையில் இருந்த, நான் கடித்த துண்டை வாங்கித் தின்றாள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இட்லி, முட்டை எல்லாம் குறை சொல்லிக்கொண்டேயாவது சாப்பிடுகிறாள். கிழங்கு வேகவைத்த நாளில் மட்டும் நான் கடித்ததைத்தான் எடுப்பாள். அதனால் எல்லாத் துண்டையும் ஒரு கடி கடித்துத்தான் அவள் தட்டில் வைக்கிறேன்.